செங்கோட்டையான் பூ வச்சுட்டான்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தனக்கு எது தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் அவன் எதற்கும் தயங்க மாட்டான். எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவான். நான் இந்த அளவுக்கு மேலே வந்ததற்கு அதுதான் காரணம் என்று, யாராவது பேட்டி எடுக்க வந்தால் சொல்ல வைத்திருக்கிறேன். (இதுவரை யாரும் வரவில்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன்.)

தென்காசியில் ஒரு டீக்கடையின் பின்கட்டில் எச்சில் டம்ளர் கழுவி ஆரம்பித்த கை இது. அப்புறம் வாடகைச் சைக்கிள் கடை. அப்புறம் லாரி. அப்புறம் அரிசி ஆலை. ஆலங்குளம் சந்தையில் போய் செல்லையா என்று என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவர் முதல் முதலாளி வரை எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். அது என் உழைப்பைப் பற்றிய கதை என்றுதான் நானும் வெகுகாலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இல்லையாம். ஒரு சைக்கிள் பம்பைப் பற்றிய கதையாம். ஆளுக்கு ஒரு மாதிரி கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

செங்கோட்டை மலையாள ராஜ்யத்தை விட்டுப் பிரிந்து நம் ஜில்லாவோடு சேர்ந்த புதிது. தென்காசியில் பெரிய கோபுரம் பிளந்து மொட்டையாக நின்ற காலம். அந்த மொட்டைக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் என் வாடகைச் சைக்கிள் கடை. எனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. உறவு என்று சொல்லிக்கொள்ள மேலகரத்தில் தாய்மாமா ஒருவர்தான். மாமாவுக்கு வயலும் தோப்பும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடித் தோட்டம் உண்டு. செண்பகம் என்று ஒரே ஒரு மகளும் உண்டு.

முறைப்படி செண்பகம் எனக்குத்தான். ஆனால் முறை இருந்தால் போதுமா? மாமாவிடம் பெண் கேட்கப் போன அன்று, என் பெருமைகளை எல்லாம் நானே எடுத்துச் சொன்னேன் (சொல்வதற்கு வேறு ஆள் இல்லை). மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து தோட்டத்துக்குள் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு ஒட்டு மாங்கன்று நின்றது. கன்று என்று சொல்வது மரியாதைக்காக. நட்டு வைத்த குடைக்கம்பில் நாலு இலை ஒட்டியது போல இருந்தது.

"இந்தக் கன்னு பூ வைக்கட்டும்லே," என்றார் மாமா. "இது பூ வச்சா, நாமளும் ஒனக்கும் அவளுக்கும் பூ வச்சிருவோம்."

பூ வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் நிச்சயம் செய்வது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வந்து பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால், பாதிக் கல்யாணம் முடிந்தது. அதற்கு மேல் வேறொருவன் அந்த வாசலில் கால் வைக்க முடியாது.

மாமா சொன்ன சொல்லில் ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதுதான் எனக்கு நம்பிக்கை. அதுவேதான் பயமும். ஏனென்றால் செங்கோட்டையில் ஒரு மரக்கடைக்காரர் தன் மகனுக்குச் செண்பகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கையில் கடிகாரம் கட்டுகிறவன். மாசி முடிந்ததும் முறைப்படி வருவதாகச் சொல்லி விட்டிருந்தார்கள். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மனசுக்குள் அவனுக்குச் 'செங்கோட்டையான்' என்று பெயர் வைத்து, தினமும் கடை திறக்கும்போது ஒரு தடவையும் பூட்டும்போது ஒரு தடவையும் திட்டிவந்தேன்.

ஆக, கணக்கு சுலபம். மாசிக்குள் கன்று பூத்தால் செண்பகம் எனக்கு. பூக்காவிட்டால் கடிகாரக்காரனுக்கு.

வசந்தம், வசந்தம் என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லை நான் அதுவரை சினிமா நோட்டீஸில்தான் பார்த்திருந்தேன். குத்தாலத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே பருவம் ஆனி ஆடிச் சாரல். சைக்கிள் எல்லாம் ஓய்வில்லாமல் ஓடும். மாசி மாதத்தில் அருவி நூலாகிவிடும். பாறையில் குரங்குகள் மட்டும் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். கடையில் ஈ ஓட்டலாம். ஆனால் அந்த வருஷம் வசந்தம் என்றால் என்ன என்று எனக்கு ஒரு தோட்டமே பாடம் எடுத்தது. சாயங்காலம் ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலகரம் போய்விடுவேன்.

முதலில் வேம்பு இலையைக் கொட்டி மொட்டையடித்துக்கொண்டது. 'பார், நான் தயாராகிவிட்டேன்' என்பது போல. அடுத்த வாரம் அதில் செம்புக் கம்பி நிறத்தில் தளிர். முருங்கை ஒரு நாள் காலையில் பொரியை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டது போல நின்றது. கிணற்றங்கரைப் பிச்சிக்கொடியில் மொட்டு. எங்கிருந்தோ ஒரு குயில் வந்து, என்னைப் பார்த்தால் மட்டும் கூவியது. எலுமிச்சைகூடப் பூத்தது. மாமா வீட்டு வேலிக் கம்புக்காக யாரோ வெட்டி நட்டிருந்த கிளுவைக் குச்சிகூட (வெறும் குச்சி ஐயா, குச்சி!) துளிர்த்துவிட்டது.

மாங்கன்று மட்டும் அசையவில்லை. கச்சேரிக்கு வந்த காது கேளாதவர் மாதிரி நடுவில் நின்றது.

நான் சும்மா இருப்பேனா? கடலைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினேன். மீன் கழுவிய தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். (பஸ்ஸில் கொண்டுபோனபோது கண்டக்டர் என்னை இறக்கி விட்டார். மீதி தூரம் நடந்தேன்.) "வேருக்குக் காத்து வேணும்" என்று விவசாயிகள் பேசிக்கொண்டதை ஒரு நாள் காதில் வாங்கினேன். மண்ணைக் கொத்திவிடச் சொல்கிறார்கள் என்பது யாருக்கும் புரியும். எனக்குப் புரிந்தது வேறு. மறுநாள் கடையிலிருந்து கால் வைத்து அடிக்கும் பெரிய பம்பைத் தூக்கிக்கொண்டு போய், ரப்பர் குழாயை மண்ணுக்குள் செருகி, வேர்த்து விறுவிறுக்க அடித்தேன்.

செண்பகம் கிணற்றடியில் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான்," என்றாள், "பஞ்சர் எங்கன இருக்குன்னு தண்ணில முக்கிப் பாத்தாச்சா?"

"சிரிக்காத. ஒனக்காகத்தான் இந்தப் பாடு படுதேன்."

"எனக்காகன்னா மரத்துக்கிட்ட எதுக்கு மூச்சு வாங்குதிய? அப்பாகிட்டல்லா பேசணும்."

உள்ளே போய்விட்டாள். அவள் அப்பாவிடம் இன்னொரு தடவை பேசுவதைவிட மண்ணுக்குள் காற்றடிப்பது எனக்கு எளிதாகப் பட்டது.

மாசி பாதி போனது. ஒரு நாள் கன்றின் உச்சியில் நுனி மட்டும் கொஞ்சம் பருத்திருந்தது. செண்பகம் அதைத் தொட்டுக் காட்டி, "பூவு மாதிரி தெரியுது அத்தான்," என்றாள். அந்த நேரத்தில் மாமாவும் வந்து நின்றார். பெரிய மனிதர் முன்னால் தெரியாது என்று சொல்லலாமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது இலைக் கொழுந்து," என்றேன். "பூ மொட்டு இப்பிடி இருக்காது. நான் பாக்காத மரமா? இந்த வருசம் இதுல பூ கெடையாது மாமா. எழுதி வச்சுக்கோங்க."

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். செண்பகம் தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே வந்து சைக்கிளில் ஏறி, பாதி வழி வந்த பிறகுதான், என் கல்யாணம் இந்த வருஷம் கிடையாது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அதற்கப்புறம் நாலைந்து நாள் மேலகரம் பக்கம் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ட்யூபில் ஒட்டு போடும்போது ஓட்டை இல்லாத இடத்தில் ஒட்டினேன். தெருவில் யாராவது பூ முடிந்துகொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. ஒரு வாத்தியாருடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். குத்தாலத்திலிருந்து மேலகரம் வழியாக வருகிற பஸ் என் கடை முன்னால் வேகத்தைக் குறைத்தது. படிக்கட்டில் தொங்கியபடி கண்டக்டர் (மீன் தண்ணீருக்காக என்னை இறக்கிவிட்டவரேதான்) கத்தினார்:

"ஏலே செல்லையா! ஒங்க மாமா சொல்லச் சொன்னாவ! செங்கோட்டையான் பூ வச்சுட்டானாம்! ஒடனே வரணுமாம்!"

"யாரு? எப்ப?"

"காலைலதான்! ஊரே கூடிப் பாக்கு! ரைட்!"

பஸ் போய்விட்டது. புழுதி மட்டும் நின்றது.

செங்கோட்டையான் பூ வச்சுட்டான். மாசி முடிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டான்! சொன்ன சொல் மாறாத மாமா சொல்லை மாற்றிவிட்டார்! என்னை எதற்கு உடனே வரச் சொல்கிறார்? அதுவும் உடனே விளங்கியது. முறைமாப்பிள்ளை இருக்கும்போது வெளியே பெண் கொடுத்தால், அவனைக் கூப்பிட்டு வெற்றிலை பாக்குக் கொடுத்து மனசை ஆற்றி அனுப்புவது எங்கள் வழக்கம். என் பங்குக்கு ரெண்டு வெற்றிலை எடுத்து வைத்திருக்கிறார்!  காதுக்குள் பஸ் ஓடியது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமல் கையில் இருந்த பம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த சைக்கிளில் தாவி ஏறினேன். வாத்தியார் "ஏய், ஏய்!" என்று கூவினார். எதற்காகக் கூவுகிறார் என்று உட்காரும்போதுதான் தெரிந்தது. சீட்டைக் கழற்றிப் பழுது பார்க்க வைத்திருந்தேன். வெறும் இரும்புக் குழாய் நின்றது. மேலகரம் வரை நின்றுகொண்டே மிதித்தேன். மனதில் கவலை மிஞ்சி மிஞ்சி, நடுநடுவே மறந்து உட்கார்ந்தும்விட்டேன். (அந்த வேதனையை இங்கே விவரிக்க முடியாது. பெண்களும் படிப்பார்கள்.)

வழி நெடுகப் பூ. புங்கமரம் ரோட்டில் பூவை விரித்துப் போட்டிருந்தது. யார் வீட்டு மதில் மேலோ ஒரு கொடி மஞ்சளாகச் சிரித்தது. ஊரில் இருக்கிற செடிக்கெல்லாம் வேறு நாளே கிடைக்கவில்லையா?

மேலகரத்துக்குள் நுழைகிற இடத்தில் கீரைக்கார மாடத்தி அக்கா கூடையோடு வந்தாள். நான் டம்ளர் கழுவிய காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். மீந்த கீரையைக் கடைந்து, சட்டியோடு டீக்கடைப் பின்கட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பவள்.

"அக்கா, மாமா வீட்டுல என்ன விசேசம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அங்கனருந்துதான் வாரேன் ராசா! ஒங்க மாமாவுக்குத் தரையில கால் பாவல. செங்கோட்டையான் நிக்க நெலையப் பாக்கணுமே! நல்ல செவப்பு. தலைல பூவோட என்னமா நிக்கான்!"

"தலைல பூவா? அவனுக்கா?"

"பின்ன எனக்கா?"

ஒரு நிமிஷம் குழம்பினேன். ஆனால் தெரியாது என்று நிற்கிற பழக்கம்தான் எனக்கு இல்லையே. நேற்றுவரை மலையாள ராஜ்யத்தில் இருந்தவர்கள். அங்கே ஆண்பிள்ளைக்கும் பூ வைப்பார்கள் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

"அவன் தலையையே எடுக்கப் போறேன்க்கா," என்று மிதித்தேன்.

"ஏலே! கோட்டிக்காரப் பயலே! நில்லுலே!" மாடத்தி அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

மாமா வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டேன். இரும்புக் குழாயில் மாட்டி வேட்டி பின்பக்கம் கிழிந்தது. கிழிந்த வேட்டியும் தோளில் பம்புமாக வீட்டுக்குள் புகுந்து, அடுப்படி வழியாகத் தோட்டத்துக்குப் பாய்ந்தேன். கிணற்றடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். சூடம் மணத்தது. சாம்பிராணிப் புகை. நடுவில் இருப்பவனை என்னால் பார்க்க முடியவில்லை.

"எங்க அந்தச் செங்கோட்டையான்?" என்று கத்தினேன்.

மாமா திரும்பினார். முகமெல்லாம் பல். "வாலே, வா! இந்தா நிக்கான். நீ பாக்கணும்னுதான் மொத ஆளாச் சொல்லி விட்டேன்."

"அவன் மொகத்துல முழிக்கவா நான் வந்தேன்? நீங்க சொன்ன சொல்லு என்னாச்சு மாமா?"

"சொன்ன சொல்லுக்குத்தான்லே ஒன்னக் கூப்பிட்டிருக்கேன்!"

வெற்றிலை பாக்கைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "நான் நாயா ஒழைக்கேன். அவன் என்ன மாமா செஞ்சான்? சும்மா நிக்கான்!"

"நிக்கதுதான்லே அவன் வேல. பின்ன ஓடவா செய்வான்?"

"எங்கனருந்தோ வந்த பய!"

"எங்கனருந்து வந்தா என்ன? நம்ம மண்ணுல வேர் புடிச்சிட்டான்லா."

"செண்பகம்? அவ என்ன சொல்லுதா?"

"அவ என்னத்தச் சொல்ல? காலைல எந்திரிச்சா அவன் மொகத்துலதான் முழிக்கா. தெனம் அவ கையாலதான் அவனுக்குத் தண்ணி."

தினமும்! நான் வராத நாளில் எல்லாம் அவன் வந்திருக்கிறான்! கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"சும்மாவா வளந்தான்?" மாமா பெருமை தாங்காமல் பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். "ஆட்டுப் புழுக்கையும் புண்ணாக்குமாப் போட்டுல்லா வளத்திருக்கேன்!"

இந்த இடத்தில் எந்த மனிதனுக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. செங்கோட்டைப் பணக்காரர்கள் என்னதான் சாப்பிடுவார்களோ, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

"அவன வேரோட புடுங்கி எறியுதேன் பாருங்க! கைய ஒடிச்சு அடுப்புல வைக்கேன்!" என்று பம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தேன்.

மாமாவின் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ, இவனுக்கு என்னமோ ஆயிட்டு!" என்று அலறியபடி ஓடிப்போய், பெண்களை விலக்கிக்கொண்டு, நடுவில் நின்றவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "என்னை ஒடிச்சுப் போட்டுட்டு அப்புறம் அவன ஒடிலே!"

பெண்கள் சிதறினார்கள். அப்போதுதான் பார்த்தேன்.

மாமா கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது மாங்கன்றை.

அதன் இடுப்பில் மஞ்சள் துணி. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம். உச்சியில், நான் இலைக் கொழுந்து என்று தீர்ப்புச் சொன்ன அதே இடத்தில், இளஞ்சிவப்புத் தண்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரே ஒரு பூங்கொத்து. தேனீ ஒன்று அதைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது... இது கன்னுல்லா?" என்றேன்.

"பின்னே யாருன்னு நெனச்சிய?" கிணற்று மேடையிலிருந்து செண்பகத்தின் குரல். "செங்கோட்டைல வாங்கின கன்னு. மரக்கடக்காரவிய வந்து கேட்ட அன்னிக்கு, 'எனக்கு இந்தச் செங்கோட்டையான் போதும்'னு நான்தான் பேரு வச்சேன். மேலகரம் பூரா தெரியும். மரத்தப் பத்தி எல்லாந் தெரிஞ்ச ஒங்களுக்கு மட்டும்தான் தெரியல."

எனக்கு எப்படிச் சிரிப்பது, எப்படி அழுவது என்றே தெரியவில்லை. அவன் பூ வைத்தது எனக்காக! நிம்மதியில் உடம்பெல்லாம் தளர்ந்தது. தளர்ந்த கையோடு பம்பைத் தோளிலிருந்து இறக்கினேன்.

ஒழுங்காக இறக்கியிருக்கலாம். பம்பின் ரப்பர் குழாய் சாட்டை மாதிரி சுழன்று போய், நுனியில் இருந்த பித்தளை மூக்கு பூங்கொத்தில் மாட்டியது. நான் பம்பைக் கீழே இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தத்தில் ஒரு மனிதனின் குடியே முழுகிப் போகும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பூங்கொத்து என் காலடியில் கிடந்தது.

 தேனீ மட்டும் பூ இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. மாமா மரத்தை விட்டு மெல்ல விலகினார். உச்சியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மரம் பூ வச்சா நாமளும் பூ வைப்போம்னு சொன்னேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை. "இப்ப மரத்துல பூ இல்லலே."

"மாமா, தெரியாம..."

"நல்ல காரியத்துக்கு முன்னால பூ ஒடிஞ்சு விழுந்துட்டு. நான் என்ன செய்ய? அடுத்த மாசி வரட்டும், பாப்போம். அதுக்குள்ள அந்த மரக்கடக்காரவிய வந்துட்டாவன்னா, எங்கிட்ட சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல."

சொன்ன சொல்லில் ஓர் எழுத்தைக் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார் என்று சொன்னேனே. நான் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.  பின்னால் வேட்டி வேறு காற்றில் படபடத்தது.

செண்பகம் கிணற்று மேடையிலிருந்து இறங்கி வந்தாள். குனிந்தாள். பூங்கொத்தை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை ஊதினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைக் காதுக்குப் பின்னால் தலையில் செருகிக்கொண்டாள்.

"பூ வச்சாச்சு," என்றாள். "எல்லாருக்கும் காப்பி போடட்டா?"

மாமா திகைத்துப் போனார். "ஏட்டி! ஒனக்கு நீயே செருகிக்கிட்டா அது பூ வச்சதா ஆவுமாட்டி? மாப்பிள்ள வீட்டுப் பொம்பள ஒருத்தி வந்துல்லா வைக்கணும்! இவனுக்குத்தான் நாதியே கெடையாதே!"

அந்தச் சொல் என் நெஞ்சில் சரியான இடத்தில் விழுந்தது. உண்மைதான். எனக்காகப் பூ வைக்க உலகத்தில் ஒரு பெண் கிடையாது.

"யாருவே நாதி இல்லங்கது?"

மாடத்தி அக்கா. மூச்சிரைக்க அடுப்படி வாசலில் நின்றாள். கூடையை இறக்கி வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். நேரே வந்து செண்பகத்தின் தலையில் இருந்த பூவை எடுத்து, கோணல் இல்லாமல் மறுபடி வைத்துவிட்டு, கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல்களைச் சொடுக்கினாள்.

"இந்தா, மாப்பிள்ள வீட்டுக்காரி வச்சாச்சு. செங்கோட்டையான் குடுத்த பூவு, மரம் வச்ச பூவுதான். மரத்துல இருந்தா என்ன, தலைல இருந்தா என்ன? வேற என்ன கொற உமக்கு? சீர் வேணும்னா இந்தக் கூடைல அரைக்கீர இருக்கு, எடுத்துக்கோரும்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். தான் சொன்ன சொல்லை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. மரம் பூ வைத்தது. பெண்ணுக்கும் பூ வைத்தாயிற்று. ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை.

"அந்த அரைக்கீரயக் குடும்மா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "லே, அந்தப் பம்ப மொதல்ல வெளிய கொண்டு போ. போற வழியில வேட்டிய மாத்து," என்றார்.

வைகாசியில் கல்யாணம். மாம்பூக் காம்பின் பால் பட்டுச் செண்பகத்தின் காதுக்குப் பின்னால் கொப்புளம் கிளம்பி, ஆறிய பிறகும் ஒரு சிறு வடு நின்றுவிட்டது. பூ வைத்ததற்குச் சாட்சி என்று அதை இன்றும் பேத்திகளுக்குத் தொட்டுக் காட்டுகிறாள். மாடத்தி அக்கா சாகும்வரை சம்பந்தி முறையோடு எங்கள் வீட்டு எல்லா விசேஷத்திலும் முன்வரிசையில் உட்கார்ந்தாள். வாத்தியார் மட்டும் அப்புறம் என் கடைக்கு வரவேயில்லை. குடும்பத்தில் யாருக்காவது நிச்சயம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தால், முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: "மாப்பிள்ளைக்கா, மரத்துக்கா?"

மரம் இன்னும் நிற்கிறது. இப்போது மேலகரம் வீடும் தோட்டமும் எங்களுடையவை. மரத்தடியில் என் லாரி ஒன்றையே நிறுத்தலாம், அவ்வளவு நிழல். இப்போதெல்லாம் எந்த நுனியில் பூ வரும், எதில் இலை வரும் என்று தை மாதமே சொல்லிவிடுவேன். (சொன்னது நடந்ததில்லை. ஆனால் சொல்லிவிடுவேன்.) வருஷம் தவறாமல் மாசியில் உச்சி முதல் அடிவரை பூத்துக் கொட்டுகிறது.

அதுதான் எனக்கு வினையாகிவிட்டது. லாரி வாங்கத் தெரிந்தது, அரிசி ஆலை வைக்கத் தெரிந்தது. வீட்டுக்குப் போகும்போது ரெண்டு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் என் மண்டையில் ஏறவில்லை. போன மாசியிலும் வெறுங்கையோடுதான் போய் நின்றேன். செண்பகம் என் கையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தாள்.

"பேசாம அந்தச் செங்கோட்டையானுக்கே வாக்கப்பட்டிருக்கலாம்," என்றாள். "வருசத்துக்கு ஒரு தடவையாவது பூ வைக்கான்."